முதலில் எழுதுங்கள், அப்புறம் பாருங்கள்: சீன எழுத்துக்கலை நடனத்துக்குள் நுழைய ஒரு வழி

சீன எழுத்துக்கலையிலிருந்து பிறந்த தற்கால நடனத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அநேகமாக இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். ஆடுகிறவர் காற்றில் என்ன எழுத்து எழுதுகிறார் என்று தேடித் தேடிச் சலித்துப்போகிறார்கள், இல்லையென்றால் பத்தாவது நிமிடத்தில் "என்ன இவ்வளவு மெதுவா இருக்கு" என்று வீடியோவை மூடிவிடுகிறார்கள். சீன மொழி தெரியாததுதான் காரணம் என்று தோன்றும். அது காரணமே இல்லை. இந்த நடனங்கள் சார்ந்து நிற்கும் கட்டற்ற கூட்டெழுத்தை, அதாவது கோடுகளை ஒன்றோடொன்று சேர்த்து வேகமாக எழுதும் பாணியை, சீனர்களிலேயே பெரும்பாலோரால் வாசிக்க முடியாது, அவர்களும் கோட்டின் ஓட்டத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எழுத்தின் வடிவம் இந்த நடனத்துக்குள் போகவில்லை. எழுதும்போது உடம்பில் நடப்பதுதான் போயிருக்கிறது: மூச்சு, எடை, அழுத்தம், தூக்கல், நடுவில் விடும் வெற்றிடம். அதனால் நேராக வீடியோவுக்குப் போகாமல் சில நாட்கள் தூரிகையைப் பிடித்துவிட்டுப் போங்கள் என்பேன். வரிசையாகச் சொல்கிறேன்.

1. தூரிகையும் தண்ணீரும்

கடையில் போய் 'கேலிகிராஃபி' என்று கேட்டால் பட்டை நிப் வைத்த பேனாவை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு உலகம். உங்களுக்கு வேண்டியது நனைத்ததும் நுனி கூராகச் சேரும் உருண்டைத் தூரிகை. ஆட்டு முடித் தூரிகை மெத்தென்று இருக்கும், வீசல் என்ற கீரி போன்ற விலங்கின் முடியில் செய்தது துள்ளும். இரண்டும் கலந்தது கிடைத்தால் தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது. எதுவும் கிடைக்காவிட்டால் வாட்டர்கலருக்கு விற்கும் பெரிய உருண்டைத் தூரிகை போதும்.

மை இப்போதைக்கு வேண்டாம். நனைந்தால் கறுத்து, காய்ந்ததும் பழையபடி வெளுத்துவிடும் ஒரு துணி ஆன்லைனில் கிடைக்கிறது, தண்ணீர் தொட்டே அதில் எழுதலாம். அதுவும் வேண்டாமா, சாயங்காலம் வெயில் இறங்கியதும் மொட்டைமாடி சிமென்ட் தரையில் எழுதுங்கள். பெய்ஜிங்கின் சொர்க்கக் கோவில் பூங்காவில் காலை நேரத்தில் பெரியவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நீளமான கம்பு, அதன் முனையில் கூம்பாக வெட்டிய ஸ்பாஞ்ச், பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர், கல் தரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னோக்கி நடந்துகொண்டே எழுதுவார்கள், கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி காய்ந்து காணாமல் போயிருக்கும். இந்த வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பார்க்கும்போது எழுத்தை விட்டுவிட்டு அவர்கள் காலையும் இடுப்பையும் பாருங்கள். கை கிட்டத்தட்ட அசையாது, இடுப்பு திரும்பும், முழங்கால் மடங்கி நிமிரும், எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகும். பாதி நடனம் அங்கேயே இருக்கிறது. கம்பில் ஸ்பாஞ்ச் கட்டி வீட்டிலேயே செய்துகொள்ளலாம், என்னைக் கேட்டால் சிறு தூரிகையைவிட நடனத்துக்கு இதுதான் நேர்வழி.

சிறு தூரிகையோடு உட்கார்ந்தால் அதை நட்டக்குத்தாகப் பிடியுங்கள், உள்ளங்கை வெறுமையாக இருக்கட்டும், மணிக்கட்டும் முழங்கையும் மேசையில் படக்கூடாது. விரல்கள் எழுதக்கூடாது, தோள் எழுத வேண்டும். ஐந்து நிமிடத்தில் தோள் கடுக்கும். பரவாயில்லை.

2. ஒரே ஒரு எழுத்து

சீனப் பிள்ளைகள் தூரிகை பழகும் எழுத்து 'யோங்'. என்றென்றும் என்று பொருள். அடிப்படைக் கீற்றுகள் எட்டும் இந்த ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகின்றன என்பதால் பல நூற்றாண்டுகளாக இதுதான் முதல் பாடம். படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். மேலே ஒரு புள்ளி. அதன் கீழே சின்னப் படுக்கைக்கோடு, அங்கேயே மடங்கி நேராகக் கீழே இறங்கும் கோடு, அடியில் இடப்பக்கம் ஒரு கொக்கி. இடப்புறத்தில் சற்றே மேலேறும் கீற்று, அதன் முனையிலிருந்து கீழ் இடதாக வழியும் வீச்சு. வலப்புறத்தில் மேலிருந்து உள்நோக்கி ஒரு சின்னக் கொத்தல், கடைசியில் கீழ் வலதாக அகன்றுகொண்டே போகும் நீண்ட வால்.

எட்டையும் அழகாக எழுத வேண்டாம். இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலாவது படுக்கைக்கோட்டின் தொடக்கம். வலப்பக்கம் போக வேண்டிய கோடு, ஆனால் தூரிகை நுனியை முதலில் இடப்பக்கமாக ஒரு மயிரிழை தள்ளி, அழுத்தி, திருப்பி, அப்புறம்தான் வலப்பக்கம் நகர்த்துவார்கள். நுனியை ஒளித்துத் தொடங்குவது என்பார்கள். அப்படி ஒரு கோடு போடுங்கள், சும்மா இழுத்து ஒரு கோடு போடுங்கள், இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் எலும்பு இருக்கும், இரண்டாவது சவசவ என்று கிடக்கும்.

இரண்டாவது, கடைசி வால். மெல்லத் தொட்டுத் தொடங்கி, கீழிறங்க இறங்க அழுத்தத்தைக் கூட்டி, மிக அகலமான இடத்தில் ஒரு கணம் நின்று, அங்கிருந்து வலப்பக்கமாகத் தூக்கிக்கொண்டே வெளியேற வேண்டும். மூச்சை விட்டுக்கொண்டே செய்யுங்கள். மூச்சு நடுவில் தீர்ந்தால் கோடு நடுங்கும், தண்ணீரில்கூட அது தெரியும். தூரிகை தரையை விட்ட பிறகும் கை இன்னும் கொஞ்சம் போகும், பாருங்கள், அந்தப் போக்கையும் நிறுத்தாதீர்கள். பின்னால் நடனத்தில் தேடப்போவது இதைத்தான்.

சில நாட்கள் கழித்து மைக்குப் போகலாம். மையை உறிஞ்சும் சீனக் காகிதமான ஷுவான் நல்லதாக வாங்கினால் விலை, பழைய செய்தித்தாள் போதும். ஆனால் ஒரு தாளாவது ஷுவான் வாங்கி அதில் மை தோய்த்த தூரிகையைச் சும்மா வைத்துக்கொண்டு நில்லுங்கள். மை நிற்காமல் பரவிக்கொண்டே போகும். தயங்கினால் தாள் காட்டிக்கொடுத்துவிடும், அழித்து எழுதவும் முடியாது.

3. பழைய தாள்கள்

இப்போது பெரியவர்கள் எழுதியதைப் பாருங்கள். தைவான் தலைநகர் தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் படங்களை இணையத்தில் பெரிய அளவில் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க உட்கார்ந்தால் தலை சுற்றும், ஹுவாய்சு என்ற தாங் வம்சக் காலத் துறவி 777இல் எழுதிய தன்வரலாற்றுச் சுருள் ஒன்று போதும். வலப்பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். தொடக்கத்தில் எழுத்துகள் அடக்கமாக நிற்கும், போகப்போக வேகம் பிடிக்கும், முடிவை நெருங்கும்போது சில எழுத்துகள் பக்கத்து எழுத்தைவிடப் பல மடங்கு பெருத்துக் கிடக்கும். மை கறுப்பாகத் தொடங்கி மெல்ல உலர்ந்து, மயிர்கள் பிரிந்து, கோட்டுக்குள் வெள்ளைக் கீற்றுகள் தெரிய ஆரம்பிக்கும், திடீரென்று மறுபடியும் கறுப்பு. அங்கேதான் அவர் தூரிகையை மையில் தோய்த்தார். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் எங்கே மூச்சு வாங்கினார் என்று விரலை வைத்துச் சொல்லிவிடலாம். விரலாலேயே திரையில் அந்தப் பாதையைத் தொடருங்கள்.

எழுத்தும் நடனமும் இப்போதுதான் சந்தித்தன என்று நினைக்க வேண்டாம். தாங் காலத்தில் கோங்சுன் என்ற பெண்மணி வாள் நடனத்துக்குப் பேர்போனவர். கவிஞர் டூ ஃபூ சிறுவயதில் அவர் ஆடக் கண்டவர், 767இல் அவருடைய சிஷ்யை ஆடுவதைப் பார்த்துவிட்டு ஒரு கவிதை எழுதினார். அதன் முன்னுரையில், கூட்டெழுத்தில் பெயர்பெற்ற ஜாங் ஷு, கோங்சுன் ஆடியதைப் பார்த்த பிறகுதான் தன் எழுத்து மேம்பட்டது என்ற செய்தியைக் குறித்துவைத்திருக்கிறார். ஆக, நடனத்திடமிருந்து எழுத்து முதலில் கடன் வாங்கியது. 2001இல் தைவானில் ஒரு குழு அதைத் திருப்பிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

4. உடம்பு

அந்தக் குழு கிளவுட் கேட். 1973இல் தொடங்கியவர் லின் ஹ்வாய்-மின், நாவலாசிரியராக அறிமுகமாகி, நியூயார்க்கில் நவீன நடன மேதை மார்த்தா கிரஹாமின் பள்ளியில் நடனம் படித்துத் திரும்பியவர். 1994இல் புத்தகயாவுக்கு வந்து போதி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போனார், அதன் பிறகு தன் நடனக் கலைஞர்களைத் தியானத்தில் உட்காரவைத்தார், மேடையில் மூன்றரை டன் நெல்லைக் கொட்டி ஒரு படைப்பையும் செய்தார். அப்புறம் தாய்ச்சி தாவோயின் என்ற மூச்சுப் பயிற்சி, உள்வலிமைத் தற்காப்புக் கலை, இவற்றோடு பாலேவும் நவீன நடனமும், கடைசியில் தூரிகை எழுத்துப் பாடமும். இந்த உடம்புகளை வைத்துத்தான் எழுத்து நடனம் வந்தது. நாம் அவ்வளவு தூரம் போக முடியாது. கீழே உள்ளது பார்க்கிறவருக்குப் போதும்.

வெறுங்காலில் நில்லுங்கள், பாதங்கள் தோள் அகலம், முழங்கால் இளகி மடங்கட்டும், வால் எலும்பு தரையை நோக்கித் தொங்கட்டும். மூச்சைத் தொப்புளுக்குக் கீழே மூன்று நான்கு விரல் ஆழத்துக்கு இறக்குங்கள், சீனர்கள் தான்தியன் என்று சொல்லும் இடம். மூச்சை விட்டுக்கொண்டே முழு எடையையும் வலது காலுக்குக் கொண்டுபோங்கள், இடது கால் காலியாகும் வரை. அடுத்த மூச்சில் இடதுக்கு. இரண்டு காலிலும் சம எடையோடு நிற்பதைத் தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையில் பிழையாகவே சொல்வார்கள், ஏனென்றால் அங்கிருந்து எந்தப் பக்கமும் உடனே போக முடியாது.

அடுத்து, வலப்பக்கம் போவதற்கு முன் கொஞ்சம் இடப்பக்கம் போங்கள். எழுவதற்கு முன் அமிழுங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது பாட்டும் நடிப்பும் சண்டை வித்தையும் கலந்த மரபு நாடகமான பெய்ஜிங் ஓபராவில் பழைய விதி, 1980களில் பெய்ஜிங் நடன அகாடமியில் லி ஜெங்யீயும் தாங் மான்செங்கும் சீனச் செவ்வியல் நடனத்துக்கு உடல்மொழிப் பாடத்தை வகுத்தபோது அதன் அடித்தளத்தில் வைத்ததும் இதுதான். தூரிகை நுனியை ஒளித்துத் தொடங்கினீர்களே, அதேதான்.

கடைசியாகத் திருகல். குதிகாலில் அழுத்தம் தொடங்கி இடுப்பு திரும்பி, முதுகெலும்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறி விரல் நுனிக்கு எல்லோருக்கும் பின்னால் வந்து சேர வேண்டும். ஓபராவில் கையைத் தாண்டித் தொங்கும் வெள்ளைத் தண்ணீர்க்கை அங்கியைப் பார்த்திருப்பீர்கள். மணிக்கட்டு நின்ற பிறகுதான் துணியின் முனை போய்ச் சேரும். தூரிகை மயிரும் அப்படித்தான் கைக்குப் பின்னால் வரும்.

பரதம் பயின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைமண்டியில் பழகிய தொடை பலம் நன்றாகக் கைகொடுக்கும், ஆனால் இங்கே முழங்கால் பக்கவாட்டில் திறப்பதில்லை, எடையும் நடுவில் நிற்பதில்லை. அடவை முடித்து நிலையில் 'பட்'டென்று நிற்கும் பழக்கம்தான் முதலில் இடறும், இங்கே நிற்குமிடமே அடுத்த கீற்றின் தொடக்கம். "இந்தக் கைக்கு என்ன அர்த்தம்" என்று தேடும் பழக்கத்தையும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். கைக்கு அர்த்தம் எதுவும் இல்லை. எல்லோருக்கும்: முழங்கால் உள்பக்கம் சாயாமல், கால்விரல் போகும் திசையிலேயே மடங்கட்டும், வழுவழு டைல்ஸில் சாக்ஸோடு செய்யாதீர்கள்.

5. இப்போது பாருங்கள்

கிளவுட் கேட்டின் எழுத்து நடனம் மூன்று பகுதி: 'கர்சிவ்' 2001, இரண்டாவது 2003, 'வைல்ட் கர்சிவ்' 2005. இரண்டாவதின் பெயரைப் பிற்பாடு 'பைன் ஸ்மோக்' என்று மாற்றினார்கள். நல்ல மை பைன் மரப் புகைக்கரியில் செய்வது. 2006இல் ஜெர்மனியின் நாடக, நடன இதழ்கள் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் மூன்றும் சேர்ந்து ஆண்டின் சிறந்த நடனப் படைப்பாகத் தேர்வாயின. லின் இவற்றை உருவாக்கும்போது பெரிதாக்கிய எழுத்துப் படங்களின் முன்னால் நடனக் கலைஞர்களை நிற்கவைத்து, மை போன பாதையையும் எழுதியவரின் மூச்சையும் உடம்பில் வாங்கி அவர்களே அசைவுகளைக் கண்டுபிடிக்க விட்டார். ஆக ஒவ்வொருவர் அசைவும் அவரவர் எழுதும் விதம்.

ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டாம். முதலில் 'கர்சிவ்'. அது தொடங்குவதே யோங் எழுத்தில்தான், அதனால் நீங்கள் செய்த வேலை உடனே பலன் தரும். பின்னால் திரையில் பழைய எழுத்து பெரிதாகத் தெரியும், முன்னால் கறுப்பு உடையில் ஆடுவார்கள். கண் தன்னாலேயே எழுத்தையும் உடம்பையும் ஒப்பிடப் போகும், முதல் தடவை போகட்டும். இரண்டாவது தடவை திரையைப் பார்க்காமல் ஆடுகிறவரின் வயிற்றை மட்டும் பாருங்கள், கை நகர்வதற்கு முன்னால் அங்கே ஏதோ இறுகி இளகுவது தெரியும். மூன்றாவது தடவை யாரும் இல்லாத இடத்தைப் பாருங்கள். எழுத்தில் வெள்ளைத் தாள் எவ்வளவு முக்கியமோ மேடையில் காலி இடமும் அவ்வளவு முக்கியம், கோட்டை எங்கே போடக்கூடாது என்பதில்தான் எழுதுகிறவரின் கெட்டிக்காரத்தனம் தெரியும்.

அடுத்து 'வைல்ட் கர்சிவ்', மூன்றில் மிகக் கட்டுடைந்தது. மேலிருந்து நீண்ட வெள்ளைக் காகிதங்கள் தொங்கும், ஆட்டம் நடக்க நடக்க மை மெல்ல மெல்ல அவற்றில் கசிந்து இறங்கிக்கொண்டிருக்கும், அதனால் எந்த இரவின் கோடும் இன்னொரு இரவில் வராது. ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். சில்வண்டு, அலை, சொட்டும் நீர் இவற்றோடு ஆடுகிறவர்கள் மூச்சை வீசி எறியும் ஓசையும் தரையை மிதிக்கும் ஓசையும்தான் இதன் இசை. இணையத்தில் உலவும் மூன்று நிமிடத் துண்டுகளில் யாராவது புல்லாங்குழலை ஒட்டிவைத்திருந்தால் உடனே மூடிவிடுங்கள்.

'பைன் ஸ்மோக்'கைக் கடைசிக்கு வையுங்கள். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் இசை, பின்னணியில் சோங் வம்சக் காலப் பீங்கானின் மெருகில் விழுந்த விரிசல் கோடுகள், மூன்றிலும் மிக நிதானமானது, புதியவர்களை விரட்டுவதும் இதுதான். எனக்கோ மூன்றில் இதுதான் உசத்தி. மற்ற இரண்டிலும் வேகம் கைகொடுக்கிறது, இதில் ஒளிய இடமே இல்லை, ஒரு கால் தரையிலிருந்து எழுந்து மறுபடி தரையைத் தொடுவதற்குள் எத்தனை அழுத்தங்கள் மாறுகின்றன என்று எண்ணலாம். மனம் இருந்தால் அப்புறம் 2010இல் வந்த 'வாட்டர் ஸ்டெய்ன்ஸ் ஆன் த வால்' பாருங்கள். நல்ல கோடு ஒழுகும் கூரையிலிருந்து சுவரில் இறங்கிய நீர்த்தடம் போல் தானாக இருக்க வேண்டும் என்று யென் ஜென்சிங் என்ற தாங் கால எழுத்துக்கலைஞர் ஹுவாய்சுவிடம் சொன்னதாக ஒரு கதை, தலைப்பு அங்கிருந்து வந்தது. சரிவாக அமைத்த வெள்ளைத் தரையில் கறுப்பு மேக நிழல்கள் நகர, அதன்மேல் ஆடுவார்கள். சரிவில் அவ்வளவு மெதுவாக ஆடுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று நான்காம் படியில் தொடை நடுங்கியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

6. நிஜமாகவே மையில் ஆடுகிறவர்

ஷென் வெய் வேறு பாதை. 1968இல் ஹுனானில் பிறந்து, ஓபராப் பயிற்சியும் ஓவியப் பயிற்சியும் பெற்று, சீனாவின் முதல் நவீன நடனக் குழுவான குவாங்டோங் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 1995இல் நியூயார்க் போனவர். 2004இல் அவர் செய்த 'கனெக்ட் டிரான்ஸ்ஃபர்' படைப்பில் ஆடுகிறவர்கள் தரைவிரிப்பில் மையைத் தேய்த்துக்கொண்டே போவார்கள், முடிவில் தரையே ஓவியமாகிவிடும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவைப் பார்த்தவர்கள், அரங்கத்தின் நடுவில் விரிந்த ராட்சதச் சுருளில் சிலர் உருண்டு புரண்டு மலையும் ஆறும் வரைந்ததை மறந்திருக்க மாட்டார்கள், அதை அமைத்தவரும் இவர்தான்.

லின் தடத்தை மறைத்து அசைவை வைத்துக்கொள்கிறார், ஷென் வெய் தடத்தையும் வைத்துக்கொள்கிறார். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டில் பிள்ளைகளோடு பார்க்கப்போகிறீர்கள் என்றால் ஒலிம்பிக் துண்டில் தொடங்குங்கள், எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரு விளக்கமும் தேவைப்படாது.

7. நீங்களே ஒரு நிமிடம்

ஆட விருப்பம் உள்ளவர்களுக்கு. ஹுவாய்சு சுருளிலிருந்து ஒரே ஒரு எழுத்தை எடுங்கள், படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். தண்ணீரில் அதைப் பலமுறை எழுதுங்கள், கை அந்த வழியை அறியும் வரை. அப்புறம் தூரிகையை வைத்துவிட்டு, அதே எழுத்தை வலது முழங்கையால் எழுதுங்கள். பிறகு இடுப்பால். பிறகு தலை உச்சியால். பிறகு அறையின் தரை முழுவதையும் தாளாகக் கொண்டு நடந்து எழுதுங்கள். இந்த நான்கிலிருந்தும் உங்களுக்குப் பிடித்த துண்டுகளை எடுத்து, மூச்சு ஓசையைத் தவிர வேறு எந்த இசையும் இல்லாமல், ஒரு நிமிடம் கோத்துப் பாருங்கள். ஃபோனில் பதிவு செய்து பார்த்தால் இரண்டு இடங்களில் கண் நிற்கும்: ஒன்று, எதிர்ப்பக்கம் போகாமல் நேரடியாகத் தொடங்கிய இடம்; இன்னொன்று, ஒரு கீற்றை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்த இடம். எழுதும்போது தாளைத் தொடாமல் காற்றில் போகும் தூரிகையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது, உடம்பும் அப்படிக் கடக்க வேண்டும். அந்த இரண்டையும் சரிசெய்வதே மாதக்கணக்கில் வேலை தரும். தமிழ் எழுத்தை வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தாராளமாகச் செய்யலாம், ஆனால் நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, அழுத்தம் கூடிக் குறைந்து கோடு தடித்து மெலியும் விஷயம் அதில் இல்லை. கோலக்கை வேறு, தூரிகைக்கை வேறு.

நேரில் பார்க்க

தைபே போக வாய்த்தால் இரண்டு இடமும் ஒரே மெட்ரோ பாதையில் இருக்கின்றன. சிவப்பு வழித்தடத்தில் ஷிலின் நிறுத்தத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால் அரண்மனை அருங்காட்சியகம். ஹுவாய்சு சுருள் போன்ற அரிய தாள்கள் வெளிச்சத்துக்குத் தாங்காது என்பதால் எப்போதாவதுதான் வெளியே வைப்பார்கள், போகும் மாதத்தில் எந்த எழுத்துகள் காட்சியில் உள்ளன என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வழித்தடத்தின் வடகோடி நிறுத்தம் தாம்சுய், அங்கே பழைய ஹோபே கோட்டைக்குப் பக்கத்தில் கிளவுட் கேட் அரங்கம். 2008இல் அவர்களின் பழைய ஒத்திகைக்கூடம் தீயில் போனது, மக்கள் கொடுத்த நன்கொடையில் இதைக் கட்டி 2015இல் திறந்தார்கள். லின் 2019 இறுதியில் ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது குழுவை நடத்துவது செங் சுங்-லுங், அவருடைய படைப்புகள் எழுத்தைவிடத் தெருவையும் கோவில் திருவிழாவையும் நெருங்கியவை. ஆகவே எழுத்து நடனம்தான் பார்க்க வேண்டும் என்றால் டிக்கெட் போடுவதற்கு முன் அன்று எந்தப் படைப்பு என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.